நம்பமாட்டாமல் நின்றவர்கள்



இன்றைக்கு ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே ஒரு சொல். அதுவும் ஆங்கிலச் சொல். இன்கிரெடுலஸ். காதில் விழுந்ததை நம்ப முடியாமல் ஒருவர் திகைத்து நிற்கிறாரே, அந்த நிலையைச் சொல்கிற சொல். ஒரு சொல்லுக்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். இந்தச் சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அது நம்மைக் குறுக்குத்துறைப் படித்துறைக்குக் கூட்டிப்போகும். திருக்குறுங்குடிக் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போகும். ஏரல் பக்கத்தில் வெள்ளம் புகுந்த ஒரு வீட்டுத் திண்ணைக்குக் கூட்டிப்போகும். வாருங்கள், நடப்போம்.

நான் ஆங்கில ஆசிரியனாக முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன். ஒரு வருடம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை 'மறக்க முடியாத நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கிய நாளைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டு, தட்டில் வெட்டி வைத்த இலை, தூள், நூல். மகள் ஓடிவந்து மார்க்கைச் சொல்கிறாள். அம்மா கையிலிருந்த இலையைப் பாதி சுருட்டினபடியே நிமிர்ந்து பார்க்கிறாள். அடுத்த வரியில் அந்தப் பிள்ளை, அம்மா தன்னை 'இன்கிரெடிபிள்' கண்களால் பார்த்தாள் என்று எழுதியிருந்தாள்.

நான் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, மேலே 'இன்கிரெடுலஸ்' என்று திருத்தினேன். மறுநாள் அவள் நோட்டோடு வந்தாள். "சார், ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டுக்கும் நம்ப முடியாததுன்னுதானே அர்த்தம்?" என்றாள். நல்ல கேள்வி. இன்கிரெடிபிள் என்பது நம்ப முடியாத செய்தியைக் குறிக்கும். இன்கிரெடுலஸ் என்பது அதைக் கேட்டு நம்ப முடியாமல் நிற்கிற ஆளைக் குறிக்கும். உன் மார்க் இன்கிரெடிபிள், உன் அம்மா இன்கிரெடுலஸ் என்று விளக்கினேன். அவள் முகத்தில் தெளிவு வரவில்லை. சரி, அம்மா எப்படிப் பார்த்தாள் என்று தமிழில் சொல் என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "எங்கம்மா நம்பமாட்டாம பாத்தா சார்."

நம்பமாட்டாமல். அன்றைக்கு அந்தப் பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தாள். எப்படி என்று சொல்கிறேன்.

'மாட்டேன்' என்று இன்று சொன்னால் என்ன பொருள்? வரமாட்டேன், தரமாட்டேன், நம்பமாட்டேன். மறுப்பு. மனம் கதவைச் சாத்திக்கொண்டது. ஆனால் பழைய தமிழில் மாட்டுதல் என்றால் இயலுதல். மாட்டாமை என்றால் இயலாமை. அந்தப் பொருள் செத்துப்போகவில்லை. நடக்கமாட்டாத கிழவி என்கிறோமே, அவள் நடக்க மறுக்கிறாளா? நடக்க முடியவில்லை. தூக்கமாட்டாத சுமை. சொல்லமாட்டாமல் விம்மினாள். அங்கெல்லாம் மனம் சம்மதிக்கிறது, உடம்புக்கோ நாவுக்கோ வலுவில்லை. நம்பமாட்டேன் என்றால் பிடிவாதம். நம்பமாட்டாமல் என்றால் தவிப்பு. அந்தத் தாய் மகளின் சொல்லை மறுக்கவா செய்தாள்? மறுத்திருந்தால் தட்டைப் பார்த்துக் குனிந்து அடுத்த இலையை எடுத்திருப்பாள். அவளுக்கு நம்ப ஆசை. ஆசை பெரிதாக இருந்ததால்தான் நம்ப முடியவில்லை. இன்கிரெடுலஸ் என்ற ஆங்கிலச் சொல் மாட்டேனுக்கும் மாட்டாமைக்கும் நடுவில் ஒற்றைக் காலில் நிற்கிறது. அதனால்தான் அகராதியைப் பார்த்து 'நம்பிக்கையற்ற' என்று அதை மொழிபெயர்த்தால் உயிர் போய்விடுகிறது.

அந்தப் பிள்ளையின் பிழைக்குப் பெரிய துணை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்த் நைட்' நாடகத்தில் மால்வோலியோ என்று ஒரு பாத்திரம். பொய்க் கடிதத்தை மெய்யென்று நம்பி ஏமாறுகிறவன். அவன் வாயில் இந்த 'இன்கிரெடுலஸ்' வருகிறது. வருவதோ நம்பத்தகாத சங்கதி என்ற பொருளில். ஆளுக்குரிய சொல்லை அவன் செய்திக்குப் போட்டான். என் மாணவி செய்திக்குரியதை ஆளுக்குப் போட்டாள். நானூறு வருடமாக இந்த இரண்டு சொற்களும் ஒன்றின் சட்டையை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி வேருக்குப் போவோம். லத்தீனில் கிரேதோ என்றால் நம்புகிறேன். நம் ஊர் பலசரக்குக் கடை அண்ணாச்சி கடன் நோட்டில் பேர் எழுதுகிறாரே, அந்தக் கடனுக்கு ஆங்கிலத்தில் கிரெடிட். லத்தீனில் அதே வடிவத்துக்கு 'அவன் நம்புகிறான்' என்று பொருள். அண்ணாச்சி நம்புகிறார், அதனால் அரிசி வீட்டுக்கு வருகிறது. இந்தக் கிரேதோவோடு கூடப் பிறந்த ஒரு சொல் வடமொழியில் இருக்கிறது. சிரத்தா. மொழியியலார் ஐயமில்லாமல் ஒப்புக்கொண்ட உறவு இது. மிகப் பழைய தாய்மொழி ஒன்றிலிருந்து ஒரு கிளை ரோமாபுரிக்குப் போய்க் கிரேதோ ஆயிற்று; இன்னொரு கிளை இந்தப் பக்கம் வந்து சிரத்தா ஆயிற்று. அந்தச் சிரத்தா தமிழில் சிரத்தையாக வந்து, கவனம், அக்கறை என்று பொருள் மாறிக்கொண்டது. சிரத்தையோடு செய்கிற காரியம் என்பதால் முன்னோருக்குச் செய்வது சிராத்தம்.

ஆடி அமாவாசை அன்று பாபநாசத்தில் கூடுகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். குறுக்குத்துறைப் படியில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். தகப்பன் போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும். அந்த எள் அவரைப் போய்ச் சேருகிறது என்பதற்கு யார் கையில் அத்தாட்சி இருக்கிறது? இருந்தும் விரலிடுக்கில் தண்ணீர் வழிய வழிய மகன் பேர் சொல்லி இறைக்கிறான். நம்பிக்கை என்பதன் கை வேலை அது. அந்தக் கை வேலையின் பேரும், நம்ப முடியாமல் நிற்பவனுக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பேரும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. இது எனக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்தப் படித்துறையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

இந்த வேரிலேயே இன்னொன்று. அசிரத்தை. பிறந்த பொருளைப் பார்த்தால் அதுவும் நம்பிக்கையின்மைதான். தமிழில் அது அலட்சியம் ஆகிவிட்டது. நம்பாதவன் வேறு, அலட்சியக்காரன் வேறு என்று நான் அழுத்திச் சொல்லுவேன். நம்ம திருநெல்வேலி மண்ணின் எழுத்தாளர் புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதினார். சென்னைப் பட்டணத்தில் கடவுள் நேரில் வந்து நிற்கிறார். கந்தசாமிப் பிள்ளை மயங்கி விழவும் இல்லை, அடித்து விரட்டவும் இல்லை. தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டச் சொல்கிறார். அவரை இன்கிரெடுலஸ் என்று சொல்ல முடியுமா? முடியாது. திகைப்பு இருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். வாழ்க்கை கந்தசாமிப் பிள்ளையிடமிருந்து திகைக்கும் சக்தியை உறிஞ்சிவிட்டது. அந்தக் கதையின் வலி அங்கேதான் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். நம்பு. இது எங்கிருந்து வந்தது? தொல்காப்பியம் உரியியலில் இதற்குப் பொருள் சொல்லியிருக்கிறது. என்ன பொருள்? நசை. அதாவது ஆசை, விருப்பம். பழந்தமிழன் ஒன்றை நம்பினான் என்றால் அதன்மேல் நெஞ்சு வைத்தான் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் நம்புவதற்கு பிலீவ் என்கிறார்கள். அந்தச் சொல்லின் அடியைத் தோண்டினால் அங்கேயும் அன்புதான் கிடைக்கிறது. லவ் என்ற சொல்லும் அதுவும் ஒரு குடும்பம். எங்கேயோ வட ஐரோப்பாவில் குளிர்காய்ந்தவனும், இங்கே பொருநை ஆற்றங்கரையில் வெயில் காய்ந்தவனும், கலந்து பேசாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நெஞ்சு முதலில் போகிறது. புத்தி பின்னால் போகிறது. அப்படியானால் நம்பாமை என்பது என்ன? நெஞ்சு இன்னும் போய்ச் சேரவில்லை. வழியில் நிற்கிறது.

வழியில் நிற்கிற நெஞ்சு எப்படிப் பேசும்? நம் ஊரில் அதற்கு எத்தனை பேச்சு! ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் "நெசமாவா வே?" வயதில் இளையவனிடம் "யார்ட்டலே கத விடுத?" பெரியவர் ஒருவர் சொன்னால் "நெசமாத்தான் சொல்லுதியளா?" பெண்கள் தமக்குள் "ஏளா, மெய்யாவா?" சும்மா ஒரு "அப்படியாக்கும்!" அதை இழுத்துச் சொன்னால் ஒரு பொருள், வெட்டிச் சொன்னால் ஒரு பொருள். நம்ப வைத்து ஏமாற்றியதற்கோ, தமிழ்நாடு முழுக்க நம் ஊர் அல்வாவைக் கொடுத்துவிட்டார்கள்!

இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். பலவற்றில் வே இருக்கிறது, லே இருக்கிறது, ளா இருக்கிறது. எதிரே ஆள் இருக்கிறார். ஆங்கிலக் கதையில் நம்பாதவன் புருவத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக நிற்பான். நம் ஊரில் நம்பாமை ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் வரும். 'உன் பேச்சை நம்ப வை, நான் இங்கேயே நிற்கிறேன்' என்கிற கூப்பாடு அது. ஒருவர் பேச்சை அறவே தள்ளிவிட்டால் நாம் "நெசமாவா வே" என்று கேட்பதுகூட இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறோம்.

இப்போது ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். என் அத்தை வீடு. ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து இரண்டு வயல் தள்ளி.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தமிழ்நாட்டில் ஓராண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்கிற மழை ஏறக்குறைய எவ்வளவோ, அவ்வளவு ஒரே நாளில் ஒரே ஊரில். அந்த எண் வந்தபோது, புள்ளி தப்பான இடத்தில் விழுந்துவிட்டதோ என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியவில்லை. சுமார் 800 பயணிகள் தண்ணீர் சூழ்ந்த நிலையத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். அணைகளில் திறந்துவிட்ட தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் ஒன்றாகச் சேர்ந்து கீழே இறங்கின.

சாயங்காலமே அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தை, பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிருங்க." அத்தைக்கு எண்பது வயதுக்கு மேல். அவள் குரலில் கொஞ்சமும் பதற்றமில்லை. "மருமவனே, தொண்ணூத்திரெண்டுல வந்த வெள்ளமே நம்ம வீட்டு ரெண்டாம் படியத் தாண்டல. எனக்கு ஆத்தத் தெரியாதா?" என்றாள். நான் மறுபடி சொன்னேன். "சும்மா கெட" என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் நம்ப மறுத்தது என்னையா? என்னை அவளுக்கு உயிர். மழையையா? அது கண்ணெதிரே கொட்டுகிறது. 1992 நவம்பர் வெள்ளத்தை அவள் பார்த்தவள். ஆறு எதுவரை வரும் என்று அந்தப் படி அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. முப்பது வருடம் அந்தப் படியை நம்பி அவள் வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள். ஒன்றின்மேல் வைத்த முழு நம்பிக்கையே இன்னொன்றை நம்பவிடாமல் தடுக்கிறது. அவளுடைய நம்பாமை முழுக்க முழுக்க நம்பிக்கையால் ஆனது. இது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

இரவு தண்ணீர் முதல் படி ஏறியது. இரண்டாம் படி ஏறியது. மூன்றாம் படியில் அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். ஓடவில்லை, கத்தவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் நடைக்கல்லைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். பக்கத்து வீட்டுப் பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் வந்து, அவளை ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பையன்கள் பின்னால் என்னிடம் சொன்னார்கள்: "பாட்டி பயந்த மாதிரியே தெரியல மாமா. நம்பமாட்டாம பாத்துக்கிட்டே நின்னாங்க." மறுபடியும் அதே சொல்! சாயங்காலம் போனில் பேசியவள் நம்பமாட்டேன் என்றாள். இரவு விளக்கோடு நின்றவள் நம்பமாட்டாமல் நின்றாள். ஒரே ஆள், ஒரே நாள். இரண்டுக்கும் நடுவில் மூன்று படி.

நண்பர்களே, மூன்று படிக்குள் ஒரு மனிதர் இப்படி மாறுவதை முன்னமே சொன்ன ஒரு கதை நம் மாவட்டத்தில் இருக்கிறது. மகேந்திரகிரி மலைக்குக் கீழே, நம்பியாற்றங்கரையில் திருக்குறுங்குடி. அங்கே பெருமாளுக்கே நம்பி என்று பேர். நம்பி என்றால் ஆடவரில் சிறந்தவன் என்று அகராதி சொல்லும். சொல்லட்டும். நம்பு என்ற சொல் காதில் ஒலிக்காமல் அந்தப் பேரை உச்சரிக்க எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை.

அந்த நம்பியைப் பாடுகிறவன் நம்பாடுவான். பேரைப் பிரித்தால் நம் பாடுவான், நம்முடைய பாடகன். பாணர் குலத்தவன். கோயிலுக்குள் போக அவனுக்கு அனுமதி கிடையாது. மதிலுக்கு வெளியே நின்று விடியுமுன் பாடிவிட்டுத் திரும்புகிறவன். கார்த்திகை மாதத்து ஏகாதசி இரவு அவன் பாடக் கிளம்புகிறான். வழியில் ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். எத்தனையோ நாள் பட்டினி. உன்னைத் தின்னப் போகிறேன் என்கிறான். நம்பாடுவான் கெஞ்சவில்லை. தாராளமாகத் தின்னு, ஆனால் இன்றைக்கு நான் பாடியாக வேண்டும், பாடி முடித்து நானே திரும்பி வருகிறேன், அப்போது தின்னு என்கிறான்.

ராட்சசன் என்ன சொல்லுவான்? நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லுவோம்? பிடிபட்ட இரை திரும்பி வருமா? ராட்சசன் நம்பவில்லை. நம்பாடுவான் சத்தியம் செய்கிறான். நான் வராவிட்டால் இன்னாருடைய பாவம் என்னைச் சேரட்டும் என்கிறான். ராட்சசன் நம்பவில்லை. இன்னொரு சத்தியம். நம்பவில்லை. இன்னொன்று. இப்படிப் பதினெட்டு சத்தியம்! கடைசியாக, நாராயணனையும் மற்ற தெய்வங்களையும் ஒன்றாக எண்ணுகிறவனுடைய பாவம் என்னைச் சேரட்டும் என்றதும்தான் ராட்சசன் பிடியை விடுகிறான். அவன் முற்பிறப்பில் வேள்வி செய்யப் போய்ப் பிழை செய்த அந்தணன். எந்தச் சத்தியத்துக்கு எத்தனை எடை என்று அவனுக்குத் தெரியும்.

பதினெட்டு முறை நம்பாமல் இருப்பதற்கும் ஒரு பொறுமை வேண்டாமா? அவனுக்குப் பசி. ஒரே வாயில் தின்றிருக்கலாம். ஏன் நின்று கேட்டான்? கேட்டுக்கொண்டே இருந்தான் என்பதுதான் அந்த ராட்சசனின் கதவு சாத்தவில்லை என்பதற்கு அடையாளம். சாதி இருள் அடர்ந்த அந்த இரவில், கோயிலுக்குள் விடாதவர்கள் ஒருவரும் கேட்காத கேள்வியை, நம்பாடுவானைத் தின்ன வந்தவன் கேட்டான்: உன் சொல் எவ்வளவு பெறும்?

நம்பாடுவான் போய்ப் பாடினான். நம்பி தன் கொடிமரத்தையே விலகி நிற்கச் சொல்லி அவனுக்குக் காட்சி தந்தாராம். அந்தக் கோயில் கொடிமரம் இன்றும் சன்னிதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கி நிற்கிறது. திரும்பும் வழியில் ஒரு கிழவர் மறிக்கிறார். அந்தப் பக்கம் போகாதே, ராட்சசன் இருக்கிறான், உயிர் போகிற இடத்தில் பொய் சொன்னால் குற்றமில்லை என்கிறார். கிழவராக வந்தது பெருமாளே. நம்பாடுவான் கேட்கவில்லை. நேரே ராட்சசனிடம் போய் நிற்கிறான். வந்துவிட்டேன், தின்னு என்கிறான்.

இந்தக் கதையை, கைசிக ஏகாதசி எனப்படும் அந்தக் கார்த்திகை ஏகாதசி இரவில் திருக்குறுங்குடிக் கோயிலிலேயே நாடகமாக நடத்துகிறார்கள். நலிந்து போயிருந்த அந்த நாடகத்தை 1990களின் இறுதியில் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும், நாங்குநேரிக்காரரான பேராசிரியர் சே. இராமானுஜமும் மற்றவர்களும் முயன்று மீட்டெடுத்தார்கள். அவர்களுக்கு இந்த மாவட்டம் கடன்பட்டிருக்கிறது. நான் போய்ப் பார்த்த வருடம் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ராட்சசனாக நடித்தவர் அதுவரை உறுமிக்கொண்டு, மேடை அதிர நடந்துகொண்டு இருந்தார். நம்பாடுவான் திரும்பி வந்ததும் அவர் உறுமவில்லை. கை பாதியில் நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதிரே நிற்கிறவனைக் கால் முதல் தலை வரை பார்த்தார். மத்தளம்கூட நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மெதுவாக, "வந்துட்டானே!" என்றாள். வருடா வருடம் பார்க்கிறவளாக இருக்கும். அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளால் நம்ப முடியவில்லை.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், கலையை அனுபவிப்பவன் தன் நம்பாமையை மனமுவந்து ஒதுக்கி வைக்கிறான் என்று 1817இல் எழுதினார். புகழ்பெற்ற கருத்து. அந்தப் பாட்டி எதை ஒதுக்கி வைத்தாள்? அவள் தன் நம்பாமையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வருடம் ஒரு முறை வந்து திகைப்பதற்காகவே கண் விழித்து உட்கார்ந்திருந்தாள். கதைக்குத் திரும்புவோம். திரும்பி வந்த நம்பாடுவானை ராட்சசன் தின்னவில்லை. பசி போய்விட்டது. நீ பாடிய பாட்டின் பலனில் ஒரு பங்கு எனக்குக் கொடு என்று காலில் விழுந்து கேட்கிறான். கடைசியாகப் பாடிய கைசிகப் பண்ணின் பலனைப் பெற்று விடுதலை அடைகிறான்.

பாளையங்கோட்டையில் பேசிக்கொண்டு இயேசுவின் சீடர் தோமாவைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. உயிர்த்தெழுந்தவரைக் கண்டோம் என்று மற்றச் சீடர்கள் சொன்னபோது, காயத்தில் விரல் வைத்துப் பார்த்தாலொழிய ஒப்புக்கொள்ளேன் என்றவர். நம் சபைகளில் சந்தேகத் தோமா என்றே பேர் வைத்துவிட்டோம். 1820இல் இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்து, வேதாகமத் தமிழாக்கத்துக்கு உழைத்து, 1838இல் இங்கேயே கண் மூடிய இரேனியஸ் ஐயர் காலத்திலும், அதற்கு முன்னும் பின்னும், நம்பிக்கைக்குச் சபை எடுத்துக்கொண்ட சொல் விசுவாசம். அந்த விசுவாசத்துக்கு எதிரே தோமாவை நம்பாதவர் வரிசையில் நிறுத்தி வைத்தே நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1601ஐ ஒட்டித் தீட்டிய ஒரு படம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் படத்தின் பேரிலேயே இன்கிரெடுலிட்டி என்று நம் சொல் இருக்கிறது. அதில் தோமா ஏழைத் தொழிலாளி. தோள்பட்டையில் சட்டைத் தையல் விட்டிருக்கிறது. நெற்றி முழுக்கச் சுருக்கம். விரல் காயத்துக்குள் போகிறது. அந்த விரல் தானாகப் போகவில்லை. இயேசுவின் கை தோமாவின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. அவரே அந்தக் கையைக் கொண்டுபோய் வைக்கிறார். நம்பாதவனை அவர் கடிந்து விரட்டவில்லை, வா, தொட்டுப் பார் என்கிறார். 

இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன் என்கிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அத்தை வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் சிவகளை. அங்கே அகழாய்வில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று ஆய்வகம் சொன்னதாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில், அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அரசு அறிக்கை வெளியிட்டது. நாட்டில் இரண்டு கூட்டம் எழுந்தது. ஒன்று கேட்டவுடனே மேளம் கொட்டியது. இன்னொன்று கேட்டவுடனே சிரித்தது. என் வணக்கம் இந்த இரண்டுக்கும் இல்லை. எந்தக் குழி, எந்த அடுக்கு, எந்தக் கரித்துண்டு, பக்கத்துத் தாழியும் அதையே சொல்லுகிறதா என்று கேட்டுக்கொண்டு அந்தச் செம்மண்ணில் குனிந்து நிற்கிறானே, நம்பமாட்டாமல் நிற்கிற அந்த ஆய்வாளனுக்குத்தான் என் வணக்கம். நம் மண்ணை நேசிக்கிறவன்தான் அப்படிக் கேட்பான். மேளம் கொட்டியவர்களுக்கு அவன் பகைவனாகத் தெரியலாம். அவன் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் ஒரு சத்தியம் கேட்பது போல. பதினெட்டு ஆனாலும் கேட்கட்டும். பொருநைக்குப் பதில் சொல்லத் தெரியும்.

கடைசியாக அத்தை வீட்டுக்கு ஒரு முறை போய்விட்டு வந்துவிடுவோம்.

வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவினார்கள். சேறு போயிற்று. பானை சட்டி போனது போனதுதான். சுவரில் ஒரு கோடு மட்டும் போகவில்லை. பழுப்பு நிறம். என் நெஞ்சு உயரம். நாலு சுவரிலும் நூல் பிடித்தது போல ஓடுகிறது. வெள்ளையடித்துவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

போன பொங்கலுக்கு வெளியூரிலிருந்து கொள்ளுப்பேரன் வந்திருந்தான். ஏழு வயது. வெள்ளம் வந்தபோது அவன் இங்கே இல்லை. அத்தை அவனை மடியில் இருத்திக்கொண்டு கதை சொன்னாள். இந்த வீட்டுக்குள்ள ஆறு வந்துச்சு மக்கா, கட்டில் மெதந்துச்சு, அடுப்பு மெதந்துச்சு என்றாள். அவன் சுற்றிப் பார்த்தான். காய்ந்த தரை. கோலம். வெயிலில் தூங்குகிற பூனை. பிறகு ஆச்சியின் முகத்தைப் பார்த்தான். எங்கேயோ பார்த்த பார்வை அது. முக்கூடல் பிள்ளை எழுதிய கட்டுரையில், திருக்குறுங்குடி மேடையில்.

"பொய்தான ஆச்சி?" என்றான்.

அத்தை பதில் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவனைத் திண்ணைமேல் ஏற்றி நிறுத்தினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து, ஆள்காட்டி விரலை நீட்டச் செய்து, அந்தக் கோட்டின்மேல் வைத்தாள்.